தங்கசாமியின் கறுப்பு

"கறுப்புல ஒம்பது கறுப்பு இருக்குதுங்க. ஒம்பதையும் பேர் சொல்லிக் கூப்புடுவேன். எங்கண்ணு தப்புன்னா அதை நோண்டிக் கையில குடுத்தர்றேன்."

பள்ளிபாளையத்தில் சாயப்பட்டறை நடத்தும் தங்கசாமி, சம்பந்தி வீட்டுப் பந்தியில் செய்த பிரகடனம் இது. கண்ணை யாரும் கேட்கவில்லை. ரசம்தான் கேட்டார்கள்.

சாயம் ஏறிய நூலை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது சாயக்காரர் எல்லோரும் செய்வதுதான். தங்கசாமிக்கும் அதற்கு மேல் வித்தை கிடையாது. ஆனால் அது வெளிச்சத்தின் வேலை என்பது அவருக்குத் தோன்றாமலேயே அறுபது வயது வந்துவிட்டது. வந்த கையோடு வீட்டுக்குள் ஒரு தியேட்டர் வேண்டும் என்ற ஞானமும் வந்தது.

மாடியில் அறை என்று இருப்பது ஒன்றுதான். அதில் ஏற்கெனவே அவர் மனைவி குப்பாயி இருந்தார். முழங்கால் இரண்டிலும் ஆபரேஷன் ஆன பிறகு அவரால் படி இறங்க முடியாது. ஜன்னலில் இருந்தபடியே கயிற்றில் கூடையை இறக்கிக் கீரை வாங்குவார். எதிர்வீட்டு மாமியார் மருமகள் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வார். ஊர் அவருக்கு அந்த ஜன்னல் அகலம்தான்.

தங்கசாமி டிவி வாங்கப் பாலம் தாண்டி ஈரோட்டுக்குப் போனார். சட்டைப்பையில், பட்டறை மூலையிலிருந்து அள்ளிய ஒரு கறுப்பு நூல்சிட்டம், கையளவு நூல்கட்டு.

"ரூமுக்குள்ள வெளிச்சம் வருங்களா சார்?" என்றாள் கடைப்பெண் கோகிலவாணி.

"பெரிய ஜன்னல் இருக்குது."

"அப்ப க்யூஎல்இடி எடுத்துக்குங்க சார். வெளிச்சத்துலயும் பளிச்சுனு இருக்கும். ஓஎல்இடில கறுப்பு இன்னும் நல்லா வரும். ஆனா ரூம் இருட்டா இருந்தாத்தான் அதோட அருமை தெரியும்."

இரண்டு திரையிலும் இரவு வானம் ஓடியது. தங்கசாமி கடையின் விளக்கடியில் சிட்டத்தை எடுத்து, வைரம் சோதிக்கிறவர் போல ஒவ்வொன்றின் அருகிலும் பிடித்தார்.

"அது சாம்பல். இதுதான் என்ற கறுப்பு. ஓஎல்இடியே போடு."

"ஜன்னலுங்க சார்?"

"அடைச்சுப்போட்டாப் போச்சு."

சேதி குப்பாயிக்கு எட்டியது. "ஏனுங்க, அந்த இன்னொன்னை வாங்குனா ஜன்னல் இருக்குமில்லீங்க?"

"அதுல கறுப்பு சாம்பலா வருது புள்ள."

"அது எப்படி வந்தா எனக்கென்னங்க. நான் கீரைக்காரி மொகத்தப் பாக்கோணும்."

"கீரைக்காரி என்ன, அமெரிக்காவையே பாக்கலாம்."

"எனக்கு இருக்கறதே இது ஒண்ணுதானுங்க."

"கட்டில் இருக்குதல்ல? படுத்துட்டே பாரு. ஆயுசு பூரா ஓசி டிக்கெட்டு."

கொத்தனார் வந்தார். கடைசிச் செங்கல் ஏறும்போது கீழே கீரைக்காரி கூப்பிட்டாள். குப்பாயி பதில் சொன்னார். அது செங்கல் வரை போய் நின்றது. சுவருக்கும் கறுப்பு அடித்தார்கள். கட்டிலை மட்டும் பழுப்பாகவே விட்டுவைத்த பெருந்தன்மையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

திறப்பு விழாவன்று தங்கசாமி திரையைப் போட்டார். அதே இரவு வானம். பெருமையோடு சிட்டத்தை எடுத்து அருகில் பிடித்தார். நெற்றி சுருங்கியது. நிஜக் கறுப்பின் பக்கத்தில் அந்த நூல் வேறு என்னவோவாக இருந்தது. பழக்கதோஷம், கை தானாக ஜன்னல் பக்கம் நீண்டது. விரல் முட்டி சுவரில் மோதியது.

"குப்பாயி, இதக் கொஞ்சம் பாரு. கறுப்பா, நீலமா?"

கட்டில் இருந்த பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எனக்கென்னங்க தெரியும்? ஒம்பதையும் பேர் சொல்லிக் கூப்புடறவரு நீங்க. கூப்புட்டுப் பாருங்க."

தங்கசாமி படி இறங்கித் தெருவுக்கு வந்தார். வெயிலில் சிட்டத்தை விரித்துப் பிடித்தார்.

சுத்தமான கருநீலம்.

அந்நேரம் பார்த்துக் கீரைக்காரி கூடையோடு வந்தாள். மேலே செங்கல் வைத்த இடத்தைப் பார்த்தாள். "அம்மா நல்லா இருக்காங்களாங்க?"

தங்கசாமி தலையாட்டினார். சிட்டத்தைச் சட்டைப்பைக்குள் அழுத்திக்கொண்டு மாடியேறினார். உள்ளே போனதும், வெளிச்சம் வந்துவிடாமல் கதவைச் சாத்தினார்.