மூலையில் வெட்டுப்பட்ட அடித்தட்டு

எர்மலின் டேகிளின் கையிலிருந்து ஒரு காசைப் பிடுங்குவது லேசுப்பட்ட வேலையில்லை. மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா தெரியும் அந்த ஊரில், விறகு அடுப்புக்கு உதிரிப் பாகம் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகுமுன் அவளிடம்தான் கேட்பார்கள். கேட்காமல் போய் முழு விலை கொடுத்து வாங்கி வந்தவன் தொலைந்தான். மாதாகோயில் வாசலிலேயே அவனை நிறுத்திக் கிழித்துவிடுவாள்.

"கதவுக்குக் கேஸ்கெட் கயிறு அளவா வெட்டி அட்டைப் பெட்டியில போட்டுத் தந்தானாக்கும்? பெட்டிக்குத்தான்யா காசு கொடுத்திருக்க! சுருளா வாங்கினா நாலு வீட்டுக்கு ஆகும்."

வாய்தான் அப்படி. மறுநாள் அவளே அவன் வீட்டுக்குப் போய், அடுப்புக் கதவின் இடுக்கில் ஒரு டாலர் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி, நோட்டை இழுத்துப் பார்ப்பாள். நோட்டு சிக்கிக்கொண்டு வராவிட்டால் கதவு இடுக்கை அடைக்கும் கயிறு நன்றாக இருக்கிறது, காசு மிச்சம். வழுக்கிக்கொண்டு வந்தால் காற்று புகுகிறது, விறகு வீணாகிறது. எந்த இடத்தில் வழுக்குகிறதோ அங்கே மட்டும் பழைய கயிற்றைச் சுரண்டிப் புதிதாக ஒட்டுவாள். கூலி வாங்க மாட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் நாளெல்லாம் உருளைக்கிழங்கு மசித்துவிட்டு வந்து இதையும் செய்வாள்.

அவள் வீட்டு அடுப்புக்கும் பக்கத்து வீட்டு அடுப்புக்கும் ஒரே அச்சு. பக்கத்து வீடு அவள் நாத்தனாருடையது. கணவன் க்ளோவிஸின் அக்கா ஃப்ளோரெஸ்டின். கல்யாணமான புதிதில் இரண்டு வீட்டுக்கும் ஜோடியாக வாங்கினால் விலை குறையும் என்று கணக்குப் போட்டவளே எர்மலின்தான். இரண்டுக்கும் பொதுவாக, விறகைத் தாங்கும் உதிரி அடித்தட்டு ஒன்றும் ஒரு கதவுக் கண்ணாடியும் வாங்கி, நடுவில் இருந்த கொட்டகையில் பூட்டி வைத்தார்கள். சாவி வீட்டுக்கு ஒன்று. எடுத்தால் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். ஃப்ளோரெஸ்டினின் கணவர் ஒரேல், அவர் உயிரோடிருந்த காலத்தில், அந்த அடித்தட்டின் அடிப்பக்க மூலையில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டு வைத்தார். பொதுச் சொத்து என்பதற்கு அடையாளம்.

"மேல்தகடும் ஒண்ணு வாங்கிப் போட்ருவமே" என்று அன்றைக்கு ஃப்ளோரெஸ்டின் சொன்னாள். தீக்கொழுந்து நேரே புகைபோக்கிக்குள் பாயாமல் தடுத்துத் திருப்பும் தகடு அது.

"அது எங்க மதினி உடையப் போகுது? காசக் கரியாக்காதீங்க" என்று எர்மலின் தடுத்துவிட்டாள்.

பிறகு ஓர் இலையுதிர் காலத்தில் கொட்டகையைத் திறந்தால் அடித்தட்டைக் காணோம். எர்மலின் எடுக்கவில்லை. அப்படியென்றால் யார்? தனியே குடியிருந்த நாத்தனார் மகனுக்கும் அதே மாதிரி அடுப்பு. கேட்கவா வேண்டும்! மாதாகோயிலில் ஊர் கூடிச் சாப்பிடும் பீன்ஸ் விருந்தில், கரண்டியும் கையுமாகப் பரிமாறிக்கொண்டிருந்தவள், ஃப்ளோரெஸ்டின் தட்டை நீட்டியதும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

"பொதுச் சொத்த எடுத்துத் தின்னவங்களுக்கு இதுவும் வேணுமாக்கும்?"

ஃப்ளோரெஸ்டின் தட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதோடு பேச்சு முறிந்தது. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் துணி உலர்த்துவார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டாள். க்ளோவிஸ் மட்டும் ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு, பூனை மாதிரி சத்தமில்லாமல் திரும்பி வருவான். வருஷங்கள் ஓடிவிட்டன. அவரவர் பிள்ளைகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது, கூப்பிட்டுக்கொள்ளவில்லை.

இந்தக் குளிர்காலம் க்ளோவிஸுக்கு இருதயத்தில் அறுவை சிகிச்சை. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீடு கதகதப்பாக இருக்க வேண்டும், குளிர் படவே கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். வியாழன் காலை எர்மலின் அடுப்பில் விறகு அடுக்கும்போது மேலிருந்து ஏதோ தொப்பென்று விழுந்தது. பார்த்தால் மேல்தகடு. இரண்டாகப் பிளந்திருந்தது.

தகடில்லாமல் எரித்தால் புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிக்கும். அவளுக்குத் தெரியாததா? கடைக்குப் போன் போட்டாள். அந்த அடுப்பு செய்த கம்பெனி மூடி எத்தனையோ காலமாச்சு, புது அடுப்பு வாங்குங்கள், அடுத்த வாரம் கொண்டுவந்து மாட்டுகிறோம் என்றான் கடைக்காரன். ஊர்க் குப்பைக் கிடங்கில், வேண்டாத சாமான்களைப் பிறர் எடுக்க விட்டுப்போகும் இலவசக் கொட்டகையில் தேடினாள். சைக்கிளும் கட்டிலும் கிடந்தன, தகடு இல்லை. திரும்பி வந்தபோது சமையலறைக் குழாய் உறையத் தொடங்கி, தண்ணீர் நூலாக வந்தது. சின்ன மின்கணப்பை வைத்து எத்தனை நேரம் சமாளிப்பது? சனிக்கிழமை அந்த மனுஷனை எங்கே படுக்க வைப்பது?

வெறும் இரும்புத் தகட்டை வெட்டிப் பொருத்தலாமா என்று அளவெடுக்க, அடுப்பைக் குடைந்தாள். கதவும் கண்ணாடியும் அவள் பொறுப்பு. சாம்பல் அள்ளுவது எப்போதும் க்ளோவிஸ், அவளை அடுப்பின் அடியில் கை வைக்கவே விட மாட்டான். இன்று அவனில்லை. உள்ளே தலையை விட்டு அளக்க இடம் வேண்டிச் சாம்பலை வாரி, அடித்தட்டைத் தூக்கி வெளியே எடுத்து, ஒட்டிய சாம்பல் உதிரக் கவிழ்த்தாள்.

மூலையில் ஒரு வெட்டு இருந்தது.

விரலால் தேய்த்துப் பார்த்தாள். துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஒரேல் போட்ட வெட்டேதான். உறைந்த கட்டையை அப்படியே அடுப்புக்குள் எறியாதே, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும் என்று க்ளோவிஸை எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்! எறிந்திருக்கிறான், விரிசல் விட்டிருக்கிறது, அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போய் மாற்றியிருக்கிறான். இத்தனை குளிர்காலமும் அவள் கால் நீட்டிக் குளிர் காய்ந்தது அந்தத் தட்டின்மேல் எரிந்த நெருப்பில்தான்.

அவளுக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது. தட்டைத் திரும்ப உள்ளே வைத்துச் சாம்பலால் மூடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பும் வராமல் இல்லை. வந்தது, கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தது. கடைசியில் தட்டைச் சாம்பல் வாளியில் போட்டுக்கொண்டு, முழங்கால் பனியில் வேலியைத் தாண்டினாள். நாத்தனார் வீட்டுப் புகைபோக்கியிலும் புகையில்லை. ஊரில் இல்லையோ என்று நினைத்துக்கொண்டே கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. ஃப்ளோரெஸ்டின் வீட்டுக்குள்ளேயே கோட்டு, குல்லாயோடு நின்றாள்.

"மதினி" என்றாள் எர்மலின். வாளியை நீட்டினாள்.

ஃப்ளோரெஸ்டின் எட்டிப் பார்த்தாள். "ஓ. கண்டுபிடிச்சிட்டியா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த வருஷமே தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தி வந்து, இந்த நாற்காலியிலதான் உக்காந்து அழுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மதினி! ஊரு முன்னாடி உங்கள நான்... அந்தப் பேச்சு பேசினேனே!"

"சொன்னா அவன நீ விட்டு வச்சிருப்பியா? உன் வாய் ஊருக்கே தெரியும்டி. எனக்கு அந்த ஒரு நாளோட போச்சு. அவன் தெனமும் உன்கூடல்ல சாப்பிடணும்."

எர்மலின் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது, அழுதாள்.

"சரி சரி, இங்கயே உறைஞ்சிராத. உள்ள வா."

சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் துடைத்த மேல்தகடு முழுசாகக் கிடந்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள் எர்மலின். சில்லிட்டிருந்தது.

"காலைல குப்பைக் கிடங்குல மேல்தகடு கேட்டு அலைஞ்சியாமே. நீ வீட்டுக்கு வந்து சேருமுன்ன எனக்குச் சேதி வந்தாச்சு. உங்க வீட்டுல புகையும் இல்ல. என் தம்பி சனிக்கிழம வர்றான். சுடச்சுடக் கழட்ட முடியுமா? அதான் அடுப்ப அணையவிட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அன்னைக்கே ஒண்ணு கூட வாங்குவோம்னேன். காசக் கரியாக்காதீங்கன்னது யாராம்?"

"நாந்தான்" என்றாள் எர்மலின். "உங்களுக்கு அடுப்பு?"

"வேற தகடு கெடைக்கிற வரைக்கும் உன் வீட்டுலதான் இருக்கப் போறேன். தலையணைய எடுத்து வச்சாச்சு. நீ வரலன்னாலும் வந்திருப்பேன்."

எர்மலின் வீட்டு அடுப்பில் தட்டையும் தகட்டையும் இருவரும் சேர்ந்துதான் மாட்டினார்கள். எர்மலின் டாலர் நோட்டை வைத்துக் கதவைச் சாத்த, ஃப்ளோரெஸ்டின் இழுத்தாள். வரவில்லை.

சனிக்கிழமை மதியம் எர்மலினின் மகன் காரில் கூட்டி வந்து இறக்கினான். க்ளோவிஸ் பாதி ஆளாக இருந்தான். மெல்ல உள்ளே வந்தவன் அடுப்பருகே அக்காவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். மறுபடி அக்காவைப் பார்த்தான்.

"அடித்தட்டப் பாத்தேன்" என்றாள் எர்மலின்.

அவன் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்துபோயிற்று. ஒரு கை நாற்காலி முதுகைப் பிடித்தது, மறு கை நெஞ்சுத் தையலைப் பொத்தியது. மார்பைப் பிளந்து தைத்துக்கொண்டு வந்த மனுஷன், ஓர் இரும்புத் தட்டுக்காக அவளைப் பார்த்துப் பயந்து நின்றான். இத்தனை வருஷமும் இந்த முகத்தைப் பார்க்காமலா அவனோடு வாழ்ந்தேன் என்று அவளுக்கு உறைத்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டாள். தோசை மாதிரி வார்த்த சூடான ப்ளாய் ரொட்டியில் வெண்ணெய் தடவி அவன் முன்னால் வைத்தாள்.

"உறைஞ்ச கட்ட போட்டா தட்டு விரிசல் விடத்தான் செய்யும்" என்றாள். "போகுது. சாப்பிடு, ஆறிரும்."