மாமாவின் ஊசிப் பயம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பெரியவர்கள் கதைப்பதை அப்படியே அள்ளிக்கொண்டுபோய் இன்னோர் இடத்தில் கொட்டுவதில் என்னை மிஞ்ச எங்கள் ஊர் லிங்கநகரில் ஆளில்லை. அதனால் வந்த வினைதான் இது.

அம்மாவின் அண்ணன், என் மாமா, பக்கத்து வீட்டில் இருந்தார். படகு எஞ்சின் திருத்துபவர். கடற்கரையில் இருந்த அவருடைய கொட்டிலில் எந்நேரமும் ஆட்கள் கூடியிருப்பார்கள். மாமா வாயைத் திறந்தால் அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள்.

அந்த வருடம் அவருக்குப் புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டிருந்தது. நோயின் பெயரைச் சொல்லாமல் எனக்கு ‘வருத்தம்’ என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி போடுவார்கள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு மாமாவுக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டியது. மாமிக்கோ மாதவிடாய் நிற்கிற வயது, அவருக்கும் அதே கொதிப்பு. இருவரும் ஒரே மேசை மின்விசிறிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு காற்றுக்குப் பிணங்குவார்கள். ஒருநாள் மாமி, தனக்கு வருகிற சூடுதான் அவருக்கும் வருகிறது என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

நான் அதைக் கொட்டிலில் போய்ச் சொன்னேன். “அப்ப அண்ணரும் பொம்பிளையாகிட்டாரோ” என்று ஒருவர் கேட்க, ஆட்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மாமா கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். என்னை ஏசக்கூட இல்லை. நல்லதொரு பகிடி விட்ட சந்தோஷத்தில் நான் அங்கேயே நின்றேன்.

அடுத்த ஊசிக்கு அவர் போகவில்லை. மாமி கெஞ்சினார், அம்மா அழுதார். அந்த நோயின் உயிர்க்கலங்களில், ஆண்களின் உடம்பில் சுரக்கிற ஓமோனைப் பிடிக்கிற கொளுக்கிகள் மாதிரி ஏதோ இருக்கிறதாம், ஓமோன் வந்து மாட்டினால்தான் நோய் வளருமாம், ஊசி போட்டால் மாட்ட ஒன்றும் வராதாம் என்று டொக்டர் சொன்னதை மாமி திருப்பித் திருப்பிச் சொன்னார்.

“எனக்கு ஏலாது. விடுங்கோ” என்பதற்கு மேல் மாமா ஒன்றும் கதைக்கவில்லை.

எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. மாமாவுக்கு ஊசியென்றால் பயம். எனக்கும் பயம்தான். ஒரு பின்னேரம் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“மாமா, நான் வந்து கையைப் பிடிக்கிறன். கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணுங்கோ, முடிஞ்சிடும்.”

மாமா என் தலையைத் தடவினார். அவருடைய கண் கலங்கியது. பாவம், அவ்வளவு பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கிளினிக்குக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிந்தி வந்ததற்குத் தாதி கொஞ்சம் கடிந்துகொண்டார். மாமா என் கையைப் பிடித்துக் கண்ணை மூடி, சத்தமாகவே பத்து எண்ணினார்.

திரும்பி வரும்போது, எங்கே போய் வருகிறீர்கள் என்று கொட்டிலில் நின்றவர்கள் கேட்டார்கள். மாமாவுக்கு ஊசியென்றால் பயம், நான்தான் கையைப் பிடித்தேன் என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

“ஓம், ஊசியெண்டா எனக்குச் சரியான பயம்” என்றார் மாமா. “பிள்ளை வந்தபடியால்தான் போனனான்.”

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஊசிக்கும் நான்தான் துணை. மாமாவைக் காப்பாற்றியது நான் என்று பல வருடம் பெருமை பேசித் திரிந்தேன். அவரைச் சாகவிடப் பார்த்ததும் நான்தான் என்பதை மாமா ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லை.