மைக்கல்ராஜ் வெட்டாத வெட்டு

மைக்கல்ராஜைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெமியாங்கில் ஒருவன் கையை மணிக்கட்டோடு வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனவன். பரோலில் விட்ட சிறைத்துறையும், ஆள் பஞ்சத்தில் தவித்த எங்கள் தோட்டத்துக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து அவனை என் தலையில் கட்டிவிட்டார்கள். கோலா பிலா பக்கம் செம்பனைக் குலை வெட்டும் ஆட்களை மேய்க்கும் மண்டோர் நான். வெட்டுகுத்துக்காரன் கையில் அரிவாளையா கொடுப்பது? என்ன மூளையோ!

"அந்தோனியம்மாக்கா, ஒரு அடிதடின்னாலும் இவன் திரும்ப உள்ளதான். பாத்துக்குங்க," என்றார் பரோல் அதிகாரி ஜீவானந்தன்.

அது அவனுக்கும் தெரியும். சுவா ஊரில் மனைவி எலெய்னும், அவன் உள்ளே இருந்தபோது பிறந்த மகளும் காத்திருந்தார்கள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் நீளக்கம்பு அரிவாளை வாங்கிக்கொள்வான். வேலை முடிந்ததும் என்னிடம் திருப்பித் தருவான். "டேய் கைவெட்டி" என்று யாராவது சீண்டினால், அரிவாளைத் தலைக்கு மேல் ஓலைமட்டையில் மாட்டிவிட்டு விலகி நிற்பான். எங்கள் ஆட்கள் சோறு தின்னும்போது அப்படி மாட்டுவார்கள். இவன் கோபம் வந்தாலே மாட்டினான்.

ஒருநாள் பட்டப்பகலில், கை போனவனின் தம்பிகள் மூன்று பேர் மோட்டாரில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு இரும்புக் குழாய். மைக்கல்ராஜ் கையில் அரிவாள் இருந்தது. ஒரு வீச்சுப் போதும். பாவி மனுஷன், அதை மட்டையில் மாட்டினான்!

முதல் அடியில் தாடை பெயர்ந்தது. பல்லும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டு விழுந்தவனின் முழங்காலை அடித்து நொறுக்கினார்கள். கைகள் இரண்டையும் கக்கத்தில் செருகிக்கொண்டு அப்படியே கிடந்தான். எனக்கு வெறி பிடித்துவிட்டது. லாரியில் குலையைக் குத்தி ஏற்றும் கூரான இரும்புக் கம்பியை எடுத்து ஒருவன் தொடையில் இறக்கினேன். அவன் அலறிய அலறலில் மற்ற இருவரும் அவனை அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தார்கள். குத்திய என்னை இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று மேனேஜர் சொன்னார்: "இனி இவன் வேணாம்லா. கம்பெனி பேரு கெட்டுடும்."

"அவன் கையே ஓங்கலையே சார்!" என்று பாய்ந்தேன்.

"சண்டை சண்டைதான்."

ஜீவானந்தன் தரையைப் பார்த்தார். "வேலை கொடுக்க ஆளில்லாட்டி பரோல் நிக்காதுக்கா. ஜெயிலுக்குத்தான் கொண்டுபோகணும்."

மைக்கல்ராஜின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பல்லிடுக்கு வழியாக என்னிடம் சொன்னான்.

"அப்ப வெட்டிட்டே போயிருக்கலாமேக்கா."