மாசிலாமணி கல்லுக்கு நாற்பத்திரண்டு மைல்

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. திருவள்ளூர் ஸ்டேஷன் எதிரிலிருந்து எங்கள் வாடகை பஸ் காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டியது. எங்கள் சபையை நடத்தும் உபதேசியார் ஐயா மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்ததால், போய் எடுத்துவர ஆறேகால் ஆயிற்று. தலைக்கு ஒன்றரை ரூபாய். நயா பைசா வந்த புதிது. பாதிப் பேர் இன்னும் அணாவில்தான் கணக்குப் போட்டோம். டிரைவர் பழவேற்காட்டு காதர் பாய். வருஷா வருஷம் எங்கள் சபைக்கு வண்டி ஓட்டுகிறவர்.

இந்தப் பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் முன்னோர்களில் இருபத்து மூன்று பேர் ஞானஸ்நானம் பெற்றபோது, கடம்பத்தூர்ப் பக்கத்தில் அவர்கள் ஊர்க்காரர்கள் கிணற்றுத் தண்ணீர் தர மறுத்துவிட்டார்கள். இரண்டு கட்டை வண்டிகளில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு, ஆரம்பாக்கத்துக்கு அப்பால் ஒரு பாதிரியார் வாங்கிப் போட்டிருந்த நிலத்துக்கு ஐந்து நாள் நடந்தார்கள். அவர்களை ‘நடந்தவர்கள்’ என்போம். அவர்களின் பிள்ளைகளில் பாதிப் பேர் பிழைப்புக்காகத் திருவள்ளூருக்கே திரும்பி வந்துவிட்டதை மட்டும் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. வயது வந்தபின் விசுவாசத்தைச் சபைமுன் தானே உறுதி சொல்லும் திடப்படுத்தல் சடங்கைப் பெறப் போகிறவர்கள், அதற்கு முந்தின ஞாயிறு அதே வழியில் போய்வர வேண்டும், விசுவாசம் பலப்படுமாம்.

எனக்குப் பலப்பட வேண்டியது நிறைய இருந்தது. வயது பதினெட்டு. அடுத்த ஞாயிறு சபை நடுவில் எழுந்து “விசுவாசிக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தருக்கு மட்டும் இது தெரியும். என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தது ஒரே ஒரு ஆள்: என் கொள்ளுத் தாத்தா மாசிலாமணி. வழியில் காலரா கண்டு, தாயில்லாத மகனைக் கூட வந்தவர்களிடம் விட்டு, விசுவாசத்துக்காகச் செத்தவர். ஒரு மனிதர் உயிரையே கொடுத்திருக்கும்போது எனக்கென்ன சந்தேகம் வேண்டிக்கிடக்கிறது என்று என்னை நானே அதட்டிக்கொள்வேன்.

பெரியபாளையம், பதினேழு மைல், ஏழரை மணி. முதல் நிறுத்தம். எல்லா நிறுத்தத்திலும் ஒரே முறைதான். உபதேசியார் ஜாபிதாவைப் பிரித்து நடந்தவர்களின் பெயரை வாசிப்பார். அந்த வம்சத்தில் வந்தவர் “இருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். முதல் பெயர், எல்லோரையும் வழிநடத்திப் போன ஆபிரகாம். அது உபதேசியாரின் கொள்ளுத் தாத்தா. வாசிப்பவரும் அவரே, பதில் சொல்பவரும் அவரே. “மாசிலாமணி, வழியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்று வரும்போது மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை. தலை குனிந்து நிற்போம்.

கவரைப்பேட்டை ஒன்பது மணி. இட்லியும் டீயும். கும்மிடிப்பூண்டி தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் உழவு. சேற்றில் மாடுகளை அதட்டும் சத்தம் பஸ்ஸுக்குள் வரை கேட்டது.

பத்தரை மணிக்கு, ஆரம்பாக்கம் வருவதற்குச் சற்று முன்னால், பனைமரத்தடியில், மாசிலாமணி செத்த இடமென்று எங்கள் முன்னோர் நட்ட கல் வந்தது. இடுப்பளவு கருங்கல், அதில் ஒரு சிலுவை. இங்கே இறங்கியது முதல் திரும்ப ஏறும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். உபதேசியார் மட்டும் ஜாபிதாவை வாசிப்பார். நான் செருப்பு வார் அறுந்து, எல்லோருக்கும் பின்னால் கடைசியாக இறங்கினேன். காதர் பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினார்.

“நீ போ பாப்பா. நான் மாசிலாமணி ஊடு வரிக்கும் போய் மோர் குடிச்சிட்டு வந்துடறேன்.”

நான் நின்றுவிட்டேன். “யார் வீடு?” என்று கேட்டும்விட்டேன். எனக்காகப் படியருகே நின்றிருந்த எஸ்தர், பேசக் கூடாதென்று என் முழங்கையைக் கிள்ளினாள்.

“மாசிலாமணி ஊடு. தோ, ரெண்டு மாடு சும்மா நிக்குது பாரு, அது. வருஷா வருஷம் அங்கதான் மோர் குடிக்கிறேன்.”

சுற்றிலும் எல்லா நிலத்திலும் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வீட்டு மாடுகள் மட்டும் கொட்டகையில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாயின் பின்னால் நடந்தேன். முதுகுப் பக்கம் உபதேசியார் ஆபிரகாமின் பெயரை வாசிக்க ஆரம்பித்திருந்தார்.

அந்த வீட்டுப் பொன்னம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். நெற்றியில் திருநீறு. மாசிலாமணி யார் என்று கேட்டேன்.

“எங்க தாத்தா. பேதி கண்டு அந்தப் பனைமரத்தாண்ட கெடந்தாராம். கூட வந்தவங்க ஒரு பானை தண்ணி வெச்சிட்டுப் போய்க்கினே இருந்துட்டாங்களாம். எங்க பாட்டனாருங்க தூக்கியாந்து கஞ்சி ஊத்திப் பொழைக்க வெச்சாங்க. அப்பாலே இந்த ஊட்லயே பொண்ணு கட்டிக்கினு இருந்துட்டாரு.”

“அவர் ஆட்களைத் தேடிப் போகவில்லையா?”

“எங்கம்மாவும் அதான் கேப்பாங்க. ‘அவங்க எனக்காக அழுது முடிச்சிட்டாங்க, இனிமே போயி இன்னா பண்றது’ன்னு சொல்வாரு.”

தியாகி இல்லை, கல்லறை இல்லை. எங்களவர்களே உயிரோடு விட்டுவிட்டு வந்த ஒரு மனிதர். என்னைப் பிடித்து நிறுத்திய ஒரே ஆளும் போய்விட்டார். பேச வேறொன்றும் தோன்றாமல், மாடுகளை ஏன் பூட்டவில்லை என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கெழம பூட்ட மாட்டோம்மா. தாத்தா போட்ட பழக்கம். காரணம் இன்னான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டாரு. ஊருக்காரங்க எல்லாம் சிரிப்பாங்க. அவர் செத்தும் நாப்பது வருஷம் ஆவுது, நாங்க வுடல.”

மோர்ச் செம்பைப் பிடித்தபடி அழுதேன். கைவிட்டுப் போனவர்கள் மேல் கோபம் இருந்திருக்கும், அவர்களிடம் திரும்பிப் போகவே இல்லை. ஆனாலும் கர்த்தருடைய ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை, பார்க்க ஒருவரும் இல்லாதபோதும். பொன்னம்மா பதறிப்போய், “பாய், இன்னாத்துக்கு இந்தப் பொண்ணு அழுவுது?” என்றாள். அந்தக் கல் அவருக்காக வைத்தது, நான் அவருடைய கொள்ளுப் பேத்தி என்று சொன்னேன். அவள் கல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். “நாங்க அது ஏதோ சாமிக்கல்லுன்னு இருந்தோம்” என்றாள்.

பகல் பன்னிரண்டு மணி. நடந்தவர்கள் கட்டிய ஓட்டுக் கோயிலில் ஆராதனை முடிந்து கடைசி வாசிப்பு. “மாசிலாமணி, வழியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.” எல்லோரும் தலை குனிந்தார்கள்.

“இருக்கிறேன்” என்றேன்.

உபதேசியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “சுகிர்தம், இந்தப் பேருக்குப் பதில் சொல்ற வழக்கம் இல்லம்மா.”

“அவர் வழியில சாகலை ஐயா. நாமதான் விட்டுட்டு வந்துட்டோம்.” கேட்டது அத்தனையும் சொன்னேன். விட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்கக் கூடியவர் ஆபிரகாம் ஒருவர்தான். அது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. உபதேசியார் மீதிப் பெயர்களை வாசிக்காமலே ஜாபிதாவை மடித்துவிட்டார்.

திரும்பும்போது மூன்றரை மணி. கல் வந்ததும் உபதேசியார் எழுந்து பாயின் தோளைத் தொட்டார். பஸ் நின்றது. ஒருவரையும் கூப்பிடாமல் தனியாக இறங்கினார். கல்லருகே நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து அந்த வீட்டு வாசலுக்குப் போனார். பொன்னம்மா வெளியே வந்தாள். அவர் என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான், சற்று உரக்கச் சொன்னதால்:

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடும்மா.”

அவள் செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்து முடித்தார். அடுத்த ஞாயிறு “விசுவாசிக்கிறேன்” என்று என்னால் சொல்ல முடியும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.