பெய்யாத இரண்டு மில்லிமீற்றர்

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மழை அளப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஆனாலும் எண்களைத் தெளிவாக எழுதுவேன் என்று கொடுத்தார்கள். காலையில் மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து புத்தகத்தில் எழுத வேண்டும். தொழிற்சாலை வாசலிலுள்ள கரும்பலகையிலும் எழுத வேண்டும்.

ஒரு வருடம் வைகாசி பிறந்தும் மழை வரவில்லை. பலகையில் நாள்தோறும் பூச்சியம். கொழுந்து நிறுக்க வரும் பெண்கள் என்னை விடவில்லை.

"மழைக்காரரே, இன்னைக்கும் முட்டையா? எங்களுக்கும் ஒன்னு அவிச்சுக் குடுங்க."

பெண்கள் முன்னால் எனக்கு வாய் வராது. மழை வராதது என் குற்றம்போலப் பூச்சியம் எழுதக் கை கூசியது. ஒரு நாள், பனியாவது இறங்கியிருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டு மில்லிமீற்றர் என்று எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை; இரவில் தூறியிருக்கும் என்று நம்பிவிட்டார்கள். பிறகு அது ஐந்தானது, எட்டானது.

தோட்டத் துரை புத்தகத்தைப் பார்த்துவிட்டு, தேயிலை நாற்றுகளை மலையில் நடச் சொன்னார். நடுகைக்குப் பொறுப்பாக இருந்தவர், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஓர் அக்கா. அவர் ஒரு பிடி மண்ணை அள்ளிக் காட்டினார்.

"பொடியா உதிருதுங்க ஐயா. பத்து நாள் பொறுத்து நடுவோமே."

கணக்கப்பிள்ளை புத்தகத்தைத் தட்டினார். "இதுல மழை இருக்கே. ஒனக்குத்தான் குனிய நோவுது."

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நாற்றுகள் கருகின. சரியாக நடவில்லை என்று அக்காவைப் பொறுப்பிலிருந்து எடுத்து, மறுபடி கொழுந்து பறிக்க அனுப்பினார்கள்.

பல வருடம் கழித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் வந்து பழைய மழைப் புத்தகங்களைப் புரட்டி, அந்த வருடத்தில் நிறுத்தினார்.

"அந்த வருசம் பசிபிக் கடல் சூடாகிக் கிடந்தது ஐயா. அப்பிடிச் சூடானால் இஞ்ச தென்மேற்கு மழை குறையிறது வழக்கம். சுத்தியிருக்கிற தோட்டங்களிலயும் குறைஞ்சுதான் இருக்கு. உங்கட புத்தகத்தில மட்டும் மழை. இஞ்ச ஏதும் விசேஷமோ?"

"விசேஷம் ஒன்னும் இல்லைங்க. நான் பொய்யா எழுதினது."

அவர் கோபிக்கவில்லை. அந்த மாதங்களைத் தன் தாளில் பென்சிலால் அடித்துவிட்டார். எங்கோ ஒரு கடல் சூடானதற்கு நான் வெட்கப்பட்டிருக்கிறேன் என்று அன்றுதான் விளங்கியது. அந்த வெட்கத்துக்கு அக்கா பழி சுமந்தார்.

அந்நியரிடம் சொல்ல முடிந்தது. அதே லயத்தில் நாலு வீடு தள்ளியிருக்கும் அக்காவிடம் இன்னும் முடியவில்லை. காலையில் நான் அளந்துவிட்டுத் திரும்பும்போது வாசலிலிருந்து கேட்பார்.

"இன்னைக்கு எவ்வளவு தம்பி?"

உள்ளதைச் சொல்வேன். அவர் தலையாட்டுவார். நான் சொல்வதை அவர் நம்புகிறார்.