எழுதிவிட்ட ஆறு புட்டிகள்

என் டைரியில் 1984 நவம்பர் 15, வியாழக்கிழமைக்குரிய பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘ஆறு உருப்படி. பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும்.’ வெயில் எப்படி இருந்தது என்பது வரைக்கும் தினமும் எழுதுகிறவன் நான். அன்று அதற்கு மேல் எழுதப் பயமாக இருந்தது.

அப்போது குவைத்தில் ஃபஹாஹீலுக்குப் பக்கத்தில் ஒரு சைட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். எண்ணெய் ஆலைகளுக்குப் பம்ப் பொருத்தித் தருவது எங்கள் கம்பெனியின் வேலை. பம்புகள் இத்தாலியிலிருந்து மரப்பெட்டிகளில் வரும். பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருப்பதையெல்லாம் வரவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். வரிசை எண் அச்சிட்ட தாள்கள் அவை. கார்பன் வைத்து எழுதி, வெள்ளைத் தாளைக் கிழித்து டிரைவரிடம் கொடுத்தால் அது குவைத் சிட்டியில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே அதை அரபியில் மாற்றி மந்தூப்பிடம் தருவார்கள். மந்தூப் என்றால் கம்பெனிக்காக அரசு அலுவலகங்களுக்குப் போய்வரும் ஆள். எங்கள் மந்தூப் வயதான குவைத்காரர். அவர் அதைச் சுங்கத்தில் கொடுத்தால்தான் அந்தச் சரக்கின் கோப்பு மூடப்படும்.

வியாழக்கிழமை அரை நாள் டூட்டி. டிரைவர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். என்னோடு வேலை செய்த புதுக்கோட்டைக்காரர் கடைசிப் பெட்டியின் அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கினார். பழுப்புத் தாள் சுற்றிய ஆறு புட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. பார்பெரா இரண்டு, தோல்செத்தோ இரண்டு, நெபியோலோ இரண்டு. பம்ப் செய்யும் தொழிற்சாலை அடிக்கடி பம்பின் சீலுக்கான எண்ணெய் மாதிரிகளை இப்படிப் பெயரிட்டு அனுப்பும். நான் எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பிழையில்லாமல் எழுதினேன்.

“சார், பிரிச்சுப் பாத்துரவா?”

“எழுதிட்டேன். அப்புறம் பிரிக்கலாம்.”

“ஆட்டிப் பாத்தேன் சார். எண்ணெய்னா இப்படிக் குலுங்காது.”

எத்தனையோ புத்தகம் படித்தவனுக்கு இவர் பாடம் சொல்வதா என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்தேன். வண்டி போய்விட்டது.

பிறகுதான் தாளைப் பிரித்தோம். வெளிச்சத்தில் பிடித்தபோது அடர்ந்த சிவப்பு. அட்டைப்பெட்டியின் அடியில் மடித்த துண்டுப் பிரசுரம். ஒரு பக்கம் இத்தாலியன், மறுபக்கம் ஆங்கிலம். மலைச்சரிவில் ஒரு குடும்பம் நடத்தும் ஒயின் ஆலை. நான் எழுதியது மூன்றும் திராட்சை வகைகளின் பெயர்கள். பார்பெரா புளிப்பு மிக்கது, தக்காளிக் குழம்பு ஊற்றிய உணவோடு பொருந்தும். தோல்செத்தோவைச் சீக்கிரமே குடித்துவிட வேண்டும், உலர்த்திய இறைச்சித் துண்டுகளுக்கு ஏற்றது. நெபியோலோ மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்து வருவது, நெடுநேரம் வேகவைத்த மாட்டிறைச்சிக்கு உரியது.

“என்ன சார் போட்டிருக்கு?”

“எதோட எதைச் சாப்பிடணும்னு போட்டிருக்கு.”

“நமக்கு ஜெயில் சாப்பாடுதான் சார்.”

குவைத்தில் மதுவுக்கு முழுத் தடை. பிடிபட்டால் சிறை, பிறகு நாடு கடத்தல். ஆறு புட்டிகள் வந்தன, நான் பெற்றுக்கொண்டேன் என்று என் கையெழுத்தே சொல்கிறது. அந்தத் தாள் அந்நேரம் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தது. ஊரில் என் சம்பளத்தை நம்பி ஐந்து பேர்.

தலைமை அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த யாழ்ப்பாணத்து நண்பரைப் போனில் பிடித்தேன். லைனில் யாரும் கேட்கக்கூடும் என்று விஷயத்தைச் சொல்லாமல், வெள்ளைத் தாளை மட்டும் நிறுத்திவைக்கச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

“அண்ணை, தாள் மந்தூப்பின்ர பைக்குள்ள போயிட்டுது. மொழிபெயர்க்கிற எகிப்துக்காரர் அதை வாசிச்சிட்டு ஒண்டும் பேசேல்லை. நீங்கள் என்னத்தை எழுதித் துலைச்சனியள்?”

“ஒண்ணும் இல்ல தம்பி.”

“ஒண்டும் இல்லாததுக்கோ இப்பிடிக் குரல் நடுங்குது?”

புட்டிகள் யாருக்கு வந்தவை என்பது பொருத்துநராக வந்திருந்த இத்தாலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியதும் தெரிந்தது. சீட்டைப் பார்த்ததும் சிரித்தார். அது அவருடைய மைத்துனரின் ஆலை. கிறிஸ்துமஸுக்கு ஆச்சரியப்படுத்தலாம் என்று, தொழிற்சாலையில் இருந்த நண்பர்கள் அவரைக் கேட்காமலே பெட்டிக்குள் வைத்துவிட்டிருக்கிறார்கள். நான் புத்தகத்தைத் திறந்து கார்பன் பிரதியைக் காட்டினேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

ஸ்டோருக்குப் பின்னால் உள்ள கழிவறையில் அவரே ஊற்றினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு புட்டியையும் கவிழ்க்கும்போது, தெரிந்த ஆங்கிலத்தில், இதோடு தன் அம்மா என்ன சமைப்பார் என்று சொன்னார். அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. வாசனைதான் என் கவலை. நசுங்கிய நாவற்பழம் போல ஒரு வாசனை சிமெண்ட் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசி நெபியோலோவை அவர் சட்டென்று கவிழ்க்கவில்லை. பத்து வருடம் காத்திருந்து திறக்க வேண்டியது என்றார். அந்த அரை நிமிடம் அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. பிறகு அதையும் ஊற்றினார். புதுக்கோட்டைக்காரர் புட்டிகளைச் சாக்கில் போட்டு நொறுக்கி, பம்ப் அடித்தளத்துக்கு கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த குழியில் கொட்டினார். நான் பிரசுரத்தை எரித்தேன். கழிவறையிலும் ஸ்டோர் தரையிலும் இரண்டு டின் பினாயில் போனது.

வெள்ளிக்கிழமை விடுமுறை. ரூமிலேயே இருந்தேன். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டேன். பனியனோடு இழுத்துப் போகக் கூடாது என்று. நான்கு முறை போட்டேன், நான்கு முறை கழற்றினேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு மந்தூப்பின் கார் ஸ்டோர் வாசலில் நின்றது. அதுவரை அவருக்கு நான் சலாம் சொன்னது தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. உள்ளே வந்து, பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். விரலை அந்த மூன்று வரிகளின் மேல் வைத்தார்.

“யே க்யா?” இது என்ன என்று அரைகுறை இந்தியில் கேட்டார்.

மாதிரி எண்ணெய் என்று சொல்ல இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்.

“பேக்கிங் லிஸ்ட் மே மாஃபி,” என்றார். பெட்டியோடு வந்த பட்டியலில் இல்லாததை நீ ஏன் எழுதினாய் என்பது கேள்வி.

“கல்தி,” என்றேன். தவறு.

“கல்தி?”

“கல்தி.”

என் முகத்தையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதுத் தாள் எழுதச் சொன்னார். பட்டியலில் உள்ளது மட்டும். எழுதினேன், இரண்டு இடத்தில் மை இழுபட்டது. பழைய தாளையும் புத்தகத்தில் இருந்த அதன் கார்பன் பிரதியையும் சேர்த்து நான்காகக் கிழித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். எழுந்தவர் மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். பினாயில் நெடி இன்னும் போகவில்லை.

“ஸ்டோர் பஹுத் சாஃப்,” என்றார். ஸ்டோர் ரொம்பச் சுத்தம். “கலாஸ். யல்லா, காம் கரோ.” முடிந்தது, வேலையைப் பார்.

கார் போன பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். புதுக்கோட்டைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ‘நான் சொன்னேனே’ என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

எழுதுவது ஒன்றுதான் நேர்மை என்று இருந்தவன் நான். இப்போதும் தினமும் எழுதுகிறேன். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல், பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை. என் வாழ்க்கை அந்தப் பெரியவரின் பையில் நான்கு துண்டுகளாகப் போனது என்பதை மறக்கவும் இல்லை. ஆனால் அந்த மூன்று பெயர்களும் என்னவென்று எகிப்துக்காரர் அவரிடம் சொல்லியிருந்தாரா, பட்டியலோடு ஒத்துவரவில்லை என்பதற்காக மட்டும்தான் அவர் வந்தாரா என்று நான் கேட்கவே இல்லை. அது இன்றுவரை உறுதிசெய்யப்படாத தகவல்.