மூன்று முறை திருப்பி அடித்த தையல்

ஆம்பூருக்கு வெளியே, மூடிக் கிடந்த தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வெளியூர்ச் சிற்பி ஒருவர் ஒரு மாதம் வேலை செய்தார். அங்கே கிடந்த மர ஷூ அச்சுகளையும் துருப்பிடித்த கத்திகளையும், ஊர்க்காரர்கள் கொடுத்த பழைய பொருள்களையும் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு மேல், கண்காட்சிக்காகக் கம்பியில் தொங்கவிட்டார். இலக்கியம் படிப்பவள் என்பதால், பொருள்களுக்குத் தமிழில் குறிப்பு எழுத என்னை அழைத்திருந்தார்.

நான் அதிகம் பேசாதவள். பேசாதவர்களைப் பேசவைக்க அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் என் பள்ளிப் பையைப் பற்றிச் சொன்னேன். ஷூ கம்பெனியில் தைக்கும் அம்மா, கழிவுத் தோல் துண்டுகளை டிபன் பாக்ஸின் அடித்தட்டில் ஒளித்து, வாசல் சோதனையைத் தாண்டிச் சிறுகச் சிறுகக் கொண்டுவந்து, வீட்டு மிஷினில் தைத்த பை அது. கம்பியில் தொங்கவிட அந்தப் பையைத் தரச் சொல்லிக் கேட்டார். கதையை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையுடன் கொடுத்தேன். "சரிம்மா" என்றார்.

கண்காட்சியின் திறப்பு நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவை நான்தான் அழைத்துப்போனேன். பைக்குக் கீழே நான் எழுதாத குறிப்பு ஒன்று இருந்தது: டிபன் பாக்ஸ், அடித்தட்டு, வாசல் சோதனை. பெயர் மட்டும் இல்லை.

அம்மாவின் சூப்பர்வைசரும் வந்திருந்தார். குறிப்பைப் படித்துவிட்டுப் பையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். நூல் பிரியாமலிருக்கத் தையலின் முடிவில் எல்லோரும் இரண்டு முறை திருப்பி அடிப்பார்கள். அம்மா மூன்று முறை அடிப்பாள். அதற்காகத் திட்டும் வாங்குவாள்.

"இன்னாம்மா, ரெண்டு போதும்னு தெனமும் கத்துறேன். வீட்லயும் மூணுதானா?" என்று சிரித்தார்.

"வேஸ்ட்டுதான் சார். குப்பைக்குப் போறது."

"குப்பைன்னாலும் கம்பெனி குப்பைம்மா."

நான் சிற்பியிடம் போனேன். "பேரு போடலையேம்மா, யாருன்னு எப்படித் தெரியும்?" என்றார். உண்மையாகவே வியந்தார். தையலைப் பார்த்தே இங்கே ஆளைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கதை இல்லாதவரை அது வெறும் பைதான் என்று நம்பிக் கொடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போன அம்மா காலை பத்து மணிக்கே திரும்பி வந்தாள். மதியச் சாதத்தை அப்போதே திறந்து சாப்பிட உட்கார்ந்தாள். கம்பியிலிருந்து நானே கழற்றி வந்த பை பக்கத்தில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"இன்னாம்மா சொன்னாங்க?"

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அவருகிட்ட போய்ச் சொல்றதுக்கா?"

இனி வர வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதை, அவளுடன் தைக்கும் ஓர் அக்கா சொல்லித்தான் அறிந்தேன்.